திரும்பிப் பார்க்கும் நாய்

கேள்வி கேட்டவருக்கு வயது ஐம்பத்தேழு. பதில் சொன்னவருக்கு முப்பத்தொன்பது. கேள்வி ஒரு நாயைப் பற்றியது. நாய்க்குப் பத்து மாதம் இருக்கும்.

கேட்டவர் பெயர் பூவராகன். போலீசில் ஏட்டாக இருந்தவர். ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, ஏரிக்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தார். தலையை மழித்தார். மீசையை எடுத்தார். வெள்ளை வேட்டிக்கு மாறினார். அப்படியும் அவர் கடைத்தெருவில் நடந்தால் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டார்கள். ஊரே அவரை ஏட்டையா என்றது. மடத்துத் தலைவி அபரஞ்சியம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்தப் பெயர் வேண்டாம் என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"அது உங்களை விட்டுட்டா நானும் விட்டுடறேன்" என்றார் அம்மா.

பழைய சாமி மடத்தை அபரஞ்சியம்மா கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முன் அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்டதில்லை. பூவராகன் மட்டும் வந்த முதல் வாரமே விசாரித்தார். "மில்லுல நெல்லு அவிச்சேன்" என்று பதில் வந்தது. மேற்கொண்டு விசாரிக்க அதில் ஒன்றும் இல்லை.

மடத்தில் எட்டுப் பேர். காலையில் தியானம். எல்லோரும் கல் மாதிரி இருப்பார்கள். பூவராகனின் வலது கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். கையால் அமுக்கிப் பார்த்தார். இடது காலை அதன் மேல் போட்டுப் பார்த்தார். அப்போது இரண்டும் ஆடின.

அவர் வந்த அன்று மதகடியில் ஒரு சாக்குக்குள் கிடந்த குட்டி அந்த நாய். மடத்தில் அதற்குச் சாந்தன் என்று பெயர் வைத்தார்கள். அது நாய்க்குத் தெரியாது.

அந்த மடத்தில் ஓர் எறும்பைக்கூட நசுக்கமாட்டார்கள். விடிந்ததும் வாசலில் அரிசி மாவு தூவுவார்கள். பூச்சி விழுந்துவிடும் என்று விளக்குக்குக் கூடு போட்டிருந்தார்கள். நாய்க்கும் தயிர்சோறுதான். அப்படிப்பட்ட மடத்து வாசலில் மாசி மாதம் முதல் தேதியன்று பச்சையம்மா வந்து நின்றாள். கையில் ஒரு வாத்து தலைகீழாகத் தொங்கியது.

பச்சையம்மா வாத்து மேய்ப்பவள். அறுவடை முடிந்த வயல்களில் சிந்திக் கிடக்கும் நெல்லையும் நத்தையையும் தின்ன நானூறு வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்து, வயலிலேயே வலை கட்டித் தங்குவாள். ஓர் ஊரில் மேய்ச்சல் தீர்ந்தால் அடுத்த ஊர்.

"உங்க சாமியாரு நாயி பண்ணின வேலை" என்றாள். வாத்தின் கழுத்து ஒடிந்திருந்தது.

அதை வாசற்படியில் வைத்தாள். மடத்தில் யாரும் தொடவில்லை. பச்சையம்மாவே வாத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். இங்கே இதை யாரும் குழம்பு வைக்கப்போவதில்லை, வீணாக்குவானேன் என்றாள். "அடிச்சது உங்க நாயி. திங்கப்போறது நானு. பாவத்துல ஆளுக்குப் பாதி."

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பச்சையம்மா இன்னும் பதினைந்து நாள் இங்கே இருப்பாள். அதற்குள் இன்னொரு வாத்துக்கு நாயால் ஏதாவது ஆனால், நாயைக் கட்டித் தூக்கிப் போய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு ஊர் நாய்க் கூட்டம் உண்டு. தனி நாய் அங்கே இரண்டு நாள் தாங்காது. இது எல்லோருக்கும் தெரியும்.

நாயைத் தான் பார்த்துக்கொள்வதாகப் பூவராகன் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட கையோடு அம்மாவிடம் போனார். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள இருக்கிற வேட்டையை எப்படிம்மா வெளிய எடுக்கறது?"

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கித் தள்ளி வைத்தார்.

"எங்க இருக்குன்னு மொதல்ல பாத்துட்டு வாங்க."

பூவராகன் கடைசிப் பத்து வருஷம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவர். பார்த்துவிட்டு வா என்றால் அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். நாய் பின்னாலேயே நடந்தார். நாய் உட்கார்ந்தால் உட்கார்ந்தார், கால் ஆடியது. நாய் எழுந்தால் எழுந்தார்.

காலை 6.10. கோரைப்பாயின் ஓரத்தைக் கவ்வி, தலையை இடமும் வலமுமாக உதறல்.

6.40. காற்றில் உருண்ட சருகைத் துரத்தல்.

7.15. தேங்காய் மட்டையை முன்னங்காலால் அமுக்கிக்கொண்டு நார் உரித்தல்.

11.00. மைனாவை இமைக்காமல் முறைத்தல். வயிறு தரையில் படப் பதுங்கி நகர்தல். மைனா பறந்துவிட்டது.

11.20. மேற்படி மட்டையைத் துளசி மாடத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தல்.

பகல் 2.30. படுத்துத் தூங்குகையில் நான்கு காலும் ஓடல்.

கடைசிக் குறிப்பை எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது. தூக்கத்தில் இவர் கால் உதைக்கிறது என்று இவர் மனைவி உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் நேரம் போடாமல் ஒன்றை எழுதினார். தினமும் சாயங்காலம் அவர் பால் தூக்கோடு கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது சாந்தன் கரை மேட்டில் படுத்திருக்கும். தலையைத் தரையோடு வைத்து அவரையே பார்க்கும். அவர் கிட்டே வர வர ஒவ்வொரு அடியாக நகரும். திடீரென்று அம்பு மாதிரி வந்து முழங்காலில் மோதும். பாதி நாள் பால் சிந்திவிடும். இந்தப் பக்கத்துக்குப் 'பாசம்' என்று தலைப்பு கொடுத்தார்.

நான்காம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, கால்நடை மருத்துவரிடம் போனார். மருத்துவர் பொறுமைசாலி. ஒவ்வொரு வரியாகப் படித்தார். உதறுவது கழுத்தை ஒடிக்க, நார் உரிப்பது தோலை உரிக்க, முறைப்பதும் பதுங்குவதும் கிட்டே போக, புதைப்பது மிச்சத்தை நாளைக்கு வைக்க என்று வரிசையாகச் சொன்னார். பாய்க்கும் மட்டைக்கும் உயிர் இல்லை என்பதுதான் வித்தியாசம், வேலை ஒரே வேலைதான் என்றார். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். இதுவும் அதில் சேர்ந்ததுதான் என்றார்.

"பசியில இல்ல சார். ஓடறதைப் பாத்தா அதுக்குக் கால் எந்திரிச்சிடும். ஓடறது எதுன்னு அதுக்கப்புறம்தான் பாக்கும்."

மருத்துவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். வெளியே ஒரு சினைமாடு காத்திருந்தது. பூவராகன் கேட்டவரை போதும் என்று எழுந்துவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது 'பாசம்' என்ற தலைப்பைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. அவர் நின்றுகொண்டே வந்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஒரு வாய்க்கால் ரோட்டில், பூவராகன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்தார். எதிரே வந்த ஒருவன் காக்கியைப் பார்த்ததும் திரும்பி ஓடினான். இவர் பீடியைப் போட்டுவிட்டுத் துரத்தினார். அவன் மேல் வழக்கு இல்லை, புகார் இல்லை, அவன் பெயர்கூட இவருக்குத் தெரியாது. ஓடினான், துரத்தினார். மதகுக்குக் கிட்டே அவன் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். இவர் இன்னும் வேகமாக ஓடினார். அவன் மதகின் மேலிருந்து குதித்தான். தண்ணீர் குறைவு. கீழே கருங்கல் பாவியிருந்தது.

விசாரணை நடந்தது. ஏட்டு மேல் தவறில்லை என்று முடிந்தது. அதை அவருக்கு எழுத்தில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் ஓடியதில்லை. ஸ்டேஷனுக்குள்ளேயே எழுத்து வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். பஸ் கிளம்பிப் போனாலும் ஓடிப் பிடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு மடத்துக்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், நாயின் உடைமைகளைப் பறிமுதல் செய்தது. தேங்காய் மட்டை, துணிப்பந்து, அறுந்த ரப்பர் செருப்பு, ஒரு முழம் கயிறு. எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு, ஒவ்வொன்றிலும் நாள் எழுதிய சீட்டுக் கட்டி, பூட்டினார். ஸ்டேஷனில் வழக்குச் சொத்தை வைப்பது மாதிரி. துளசி மாடத்துக்குப் பின்னால் புதைத்ததையும் தோண்டி எடுத்தார். ஊரிலிருந்து விளையாட வரும் கறுப்பு நாயை வேலிக்கு வெளியே நிறுத்தினார். சாந்தனைக் கயிற்றில் கட்டினார். யாரும் அதன் முன்னால் வேகமாக நடக்கக் கூடாது என்று மடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பழகினால்தானே திருடன் ஆகிறான், ஒத்திகையை நிறுத்தினால் நாடகம் நடக்காது என்பது அவர் கணக்கு.

அபரஞ்சியம்மா பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். சீட்டுகளைப் படித்தார். மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

முதல் இரண்டு நாள் சாந்தன் கயிற்றை இழுத்தது. மூன்றாம் நாள் படுத்துவிட்டது. பூவராகனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நான்காம் நாள் தயிர்சோற்றை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்தாம் நாள் எழுந்து கயிறு எட்டும் தூரத்துக்கு வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது. காலை, பகல், சாயங்காலம். மண்ணில் வட்டமாக ஒரு தடம் விழுந்துவிட்டது. முன்னங்காலை நக்கி நக்கி ஓரிடத்தில் முடி போய்ச் சிவந்திருந்தது. சுவரில் இலையின் நிழல் அசைந்தால் எகிறி நிழலைக் கடித்தது.

பூவராகனும் சுற்றினார். பார்க்க வேண்டாம் என்று ஏரிக்கரைப் பக்கம் போவார்; என்ன செய்கிறதோ என்று திரும்பி வருவார். பால் தூக்கோடு வரும்போது கரை மேட்டைப் பார்ப்பார். மேடு காலியாக இருக்கும். பால் இப்போது சிந்துவதில்லை. தியானத்தில் அவர் கால் ஆடுகிற ஆட்டத்தில் பக்கத்துப் பாய் நகர்ந்தது.

ஏழாம் நாள் ஏரிக்கரையில் பச்சையம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். நுனியில் பிளாஸ்டிக் பை கட்டிய நீளக் கம்பு அவள் கையில் இருந்தது. அதை அவள் லேசாகத் தூக்கினால் நானூறு வாத்தும் ஒரே உடம்பாகத் திரும்பும்.

"நாயிக்கும் மொட்டை அடிச்சு விட்டுட்டீங்களாமே, ஏட்டையா?"

அவர் டாக்டர் சொன்னதை அவளுக்கு விளக்கினார். விளையாட்டு என்று நாம் நினைப்பதெல்லாம் வேட்டை என்றார். அவள் கம்பை ஊன்றிக்கொண்டு கேட்டாள். இதற்குப் பஸ் ஏறிப் போக வேண்டியதில்லை, என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன் என்றாள். ஆனால் அந்தக் கறுப்பு நாயோடு இது விளையாடினபோது நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றாள். இது ஓடும், அது துரத்தும். பிறகு அது ஓடும், இது துரத்தும். ஓடுகிற நாய் நடுவில் நின்று திரும்பிப் பார்க்கும், துரத்துகிறவன் வருகிறானா என்று. வராவிட்டால் காத்திருக்கும். வேட்டையில் எது காத்திருக்கிறது?

பூவராகன் வாத்துகளைப் பார்த்தார்.

"பயந்து ஓடறவனும் திரும்பிப் பாப்பானே" என்றார்.

"பாப்பான்."

"அவன் எதுக்குப் பாக்கறான்?"

பச்சையம்மாவுக்கு இது பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. ஒதுங்கிப் போன ஒரு வாத்தைக் கம்பால் கூட்டத்தில் சேர்த்தாள்.

"துரத்தறவன் நின்னுட்டானான்னு பாப்பான். வேற எதுக்குப் பாப்பான்?"

பூவராகன் நடந்தார். மடத்தைத் தாண்டி நடந்து, தாண்டிவிட்டது தெரிந்து திரும்பி வந்தார்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். பச்சையம்மா வாத்துகளை மடத்து வேலியோரமாக அடுத்த வயலுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். நானூறு வாத்து, எண்ணூறு கால், அவ்வளவும் ஓட்டம். சாந்தன் சுற்றுவதை நிறுத்தியது. தலையைத் தாழ்த்தியது. ஒரே எகிறு. கயிறு அறுந்தது.

பூவராகன் அதைப் பார்த்தார். "சாந்தா" என்று கத்தியது மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வேலி அவருக்குப் பின்னால் இருந்தது. அவர் வயலில் ஓடிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் ஓடாத கால்கள் கேட்டுக்கொள்ளவில்லை, தானாக எழுந்துவிட்டன. சாந்தன் திரும்பிப் பார்த்தது. ஏட்டையா துரத்தி வருகிறார். எட்டு நாளாக யாரும் தன்னோடு விளையாடாத நாய்க்கு அது எப்படி இருந்திருக்கும்? காதை மடக்கிக்கொண்டு இன்னும் வேகம் எடுத்தது. அது வாத்துக் கூட்டத்துக்குள் புகுந்தது. பின்னாலேயே இவரும் புகுந்தார். கூட்டம் இரண்டாகப் பிளந்து, நான்காகச் சிதறி, வயல் முழுக்க இறக்கையும் கூச்சலுமாகப் போயிற்று.

"நில்லுங்க ஏட்டையா, நீங்க ஓடாதீங்க" என்று பச்சையம்மா தொண்டை கிழியக் கத்தினாள். அவர் காதில் விழவில்லை.

அபரஞ்சியம்மா வேலிப் படலைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நாயைப் பார்த்தார், ஏட்டையாவைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்தார். அதன் ஒரு முனையைப் பிடித்து மறு முனையைத் தரையில் போட்டார். நாயைக் கூப்பிடவில்லை. நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்த் திசையில், துண்டு தரையில் புரண்டு துள்ளும்படி ஓட ஆரம்பித்தார். மடத்துத் தலைவி ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை.

சாந்தன் ஒரு வாத்தின் வாலுக்கு ஒரு முழத்தில் இருந்தது. ஓரக்கண்ணில் துண்டு துள்ளியது. அது திரும்பிற்று. வாத்தை விட்டது, ஏட்டையாவை விட்டது, வயலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய்ப் பாய்ந்து துண்டைக் கவ்வியது. கவ்வி உதறியது. ஒரு வாத்துக் கழுத்தை ஒடித்த அதே உதறல். அம்மா மறு முனையை விடவில்லை. நாய் இழுத்தது. அவர் இழுத்தார். நாய் உறுமியது. அவரும் உறுமினார்.

பிறகு அம்மா கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார். துண்டு செத்த பொருள் மாதிரி கிடந்தது. சாந்தன் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது. கவ்வியபடியே நின்றது. அவர் முகத்தைப் பார்த்தது. வாயைத் திறந்து துண்டை விட்டது.

அவர் மறுபடி துண்டை ஆட்டினார். மறுபடி கவ்வியது. மறுபடி அசையாமல் நின்றார். மறுபடி விட்டது. இந்தத் தடவை சீக்கிரம்.

பூவராகன் வயல் நடுவில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

பச்சையம்மா கம்பைத் தூக்கி வாத்துகளைச் சேர்க்க ஒரு மணி நேரம் ஆனது. பத்துப் பத்தாக எண்ணி வலைக்குள் விட்டாள். கணக்கு சரியாக இருந்தது. ஒரு வாத்து மட்டும் நொண்டியது. ஊரிலிருந்து நான்கைந்து பேர் அதற்குள் வந்துவிட்டார்கள். ஒருவர் கையோடு சாக்கும் கயிறும் கொண்டுவந்திருந்தார். நாய்ப் பல் எங்கே பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். பச்சையம்மா வாத்தைத் தூக்கி, இறக்கையை விரித்து, காலைத் தடவிப் பார்த்தாள்.

"பல்லு படலை" என்றாள். "வெரலு நசுங்கியிருக்கு. இது நாயி கடிச்சதில்ல. ஏட்டையா மிதிச்சது."

சாக்கு கொண்டுவந்தவர் அதை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"ஆத்துக்கு அந்தாண்ட நாயை விடறதாத்தான பேச்சு" என்றாள் பச்சையம்மா. "ஏட்டையாவை விடறதா பேச்சு இல்லையே?"

நாய் மடத்தில் இருந்துகொள்ளலாம் என்று ஆயிற்று. பூவராகன் அந்த வாத்தை வாங்கிக்கொண்டு போனார். மூங்கில் சிம்பு வைத்து விரலைக் கட்டினார். அன்று முழுவதும் அது அவர் மடியில் இருந்தது. அவர் கால் ஆடியபோதெல்லாம் வாத்து கத்தியது.

அடுத்த நாள் சாயங்காலம் அவர் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தார். அம்மா வேலிக்கு வெளியே அறுத்த வயலில் நின்றிருந்தார். சாந்தன் அவர் காலடியில் இருந்தது. பூவராகன் பூட்டைத் திறந்தார். அம்மா மட்டையை எடுத்து, அதில் கட்டியிருந்த சீட்டை அவிழ்த்துவிட்டு, நாய் முன்னால் போட்டார். சாந்தன் அதைக் கவ்வி ஒரு உதறு உதறியது. நார் பறந்தது.

அப்போதுதான் பூவராகன் சொன்னார். வாய்க்கால் ரோடு, பீடி, மதகு, கருங்கல். எல்லாவற்றையும் சாட்சி சொல்வது மாதிரி, நாள், நேரம், தூரத்தோடு சொன்னார். விசாரணையில் தவறில்லை என்று வந்ததையும் சொன்னார். அவன் பெயர் இளவழகன் என்றும் அது மறுநாள்தான் தனக்குத் தெரிந்தது என்றும் சொன்னார். அம்மா ஆறுதல் சொல்லவில்லை.

"அவன் திரும்பிப் பாத்தாம்மா" என்று முடித்தார்.

அம்மா வயலின் அந்தக் கோடியைப் பார்த்தார். அங்கே ஒரு கருவேல மரம் நின்றது.

"அந்த மரம் வரைக்கும் ஓடிட்டு வாங்க."

"நானா?"

"நீங்கதான்."

அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டினார். அறுத்த நெல்தாள் காலில் குத்தியது. முதல் பத்தடி நடையும் ஓட்டமுமாகப் போனார். பின்னால் மட்டை கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு நான்கு கால் சத்தம். நெருங்கி வந்தது. தன் பின்னால் ஒன்று துரத்தி வருவது எப்படி இருக்கும் என்று அந்த ஐம்பத்தேழு வயதில் அவருக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. பிடரி கூசியது. மரம் கிட்டே வரவே இல்லை. தன்னை அறியாமல் அவர் திரும்பிப் பார்த்தார்.

சாந்தன் வேட்டி நுனியைக் கவ்வியது. இழுத்தது. விட்டது. அவர் முன்னால் வந்து முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு நொடி நின்றது. சட்டென்று எழுந்து ஓடியது.

ஓடுகிறது என்று கண் பார்ப்பதற்குள் பூவராகனின் கால் எழுந்துவிட்டது. அவர் துரத்தினார். நாய் வளைந்தது, அவரும் வளைந்தார். வாய்க்கால் பக்கம் ஓடியது. அவருக்கு மூச்சு முட்டியது, வேகம் குறையவில்லை. வரப்பு மேட்டில் ஏறிய சாந்தன் திரும்பிப் பார்த்தது.

பூவராகன் நின்றார்.

கால் நிற்கவில்லை, அவர் நின்றார். உடம்பு முன்னால் சாய்ந்து, இரண்டு கையும் காற்றைப் பிடித்து, அப்படியே நின்றார். நாயும் நின்றது. காற்று வயலைத் தாண்டிப் போயிற்று. தூரத்தில் பச்சையம்மாவின் வாத்துகள் கத்தின. எவ்வளவு நேரம் என்று அவர் பார்க்கவில்லை. நேரம் பார்க்காதது அவருக்கு வழக்கமில்லை.

சாந்தன் வரப்பிலிருந்து இறங்கி, ஒவ்வொரு அடியாக வந்து, அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்தது.

நாயும் அவருமாக நடந்து அம்மாவிடம் வந்தார்கள். அவர் முகம் வியர்வையா வேறு எதுவுமா என்று தெரியாமல் நனைந்திருந்தது.

"நின்னுட்டேம்மா."

"பாத்தேன்."

"ஆனா கால் ஓடத்தான் சொல்லிச்சு. இப்பவும் சொல்லுது. அது வெளிய போகலைம்மா. உள்ளதான் இருக்கு."

அம்மா குனிந்து தேங்காய் மட்டையை எடுத்தார். அதைப் பூவராகன் கையில் வைத்தார். சாந்தன் எழுந்து, தலையைத் தாழ்த்தி, அந்தக் கையை இமைக்காமல் பார்த்தது.

"இருக்கட்டும்" என்றார் அம்மா. "நிக்கத் தெரிஞ்சுபோச்சே, ஏட்டையா. இனி ஓடுங்க."